நிழலில் உட்கார வைக்கப்பட்டவளின் மகளுக்கு

பாப்பா,

இதை நீ படிக்கிற வயதில் உன்னைப் பாப்பா என்று கூப்பிட்டால் உனக்குக் கோபம் வரலாம். வரட்டும். இப்போது நீ ஒரு வயது முடிந்து, மதியச் சோற்றைப் பாதி தின்று பாதி துப்பிவிட்டு, என் காலடியில் பாயில் குப்புறப் படுத்துத் தூங்குகிறாய். நான் வருகிற வியாழக்கிழமை மஸ்கட் போகிறேன். கடல்நீரைக் குடிநீராக்கும் பிளான்ட்டில் லேப் வேலை. எப்போது திரும்புவேன் என்று ஏஜென்ட் ஒன்று சொல்கிறான், கான்ட்ராக்டில் வேறொன்று இருக்கிறது. அதனால் உன்னிடம் சொல்ல வேண்டியதை இப்போதே எழுதி வைத்துவிட்டுப் போகிறேன். கல்யாணப் பேச்சு என்று எவராவது நம் வீட்டுக்குள் காலை வைக்கும்போது இது உன் கையில் இருக்க வேண்டும். எனக்குச் சுற்றி வளைத்து எழுத வராது. பாலிடெக்னிக்கில் ரிப்போர்ட் எழுதத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். என்ன நடந்தது, எதனால் நடந்தது, அவ்வளவுதான்.

உன் அம்மா அஞ்சலையின் முகத்தைத் தினமும் பார்த்தே வளர்ந்திருப்பாய், அதனாலேயே அதைச் சரியாகப் பார்த்திருக்க மாட்டாய். கன்னம் இரண்டும் எப்போதும் சிவந்திருக்கும். மூக்கோரத்தில் மெல்லிய சிவப்பு நரம்புகள் நூல் நூலாகத் தெரியும். நெற்றியில் மட்டும் திட்டுத் திட்டாகக் கருத்திருக்கும். கேட்டால் "பொறந்ததுலேர்ந்து அப்பிடித்தான்" என்பாள். பொய். நான் முதலில் பார்த்தபோது அந்த முகத்தில் ஒரு புள்ளி கிடையாது. அதற்கும் முன்னால், நான் பார்க்காத காலத்தில், அது நல்ல கருப்பாக இருந்தது. அந்தக் கருப்பு என்ன ஆனது என்பதுதான் இந்தக் கடிதம்.

உப்பளத்தில் வெயில் மேலேயிருந்து மட்டும் வராது. பாத்தியில் விளைந்து கிடக்கும் உப்பும் தேங்கி நிற்கும் தண்ணீரும் அதே வெயிலைக் கீழேயிருந்து திருப்பி அடிக்கும். முந்தானையை முகத்தில் சுற்றிக் கட்டிக்கொண்டு உப்பு வாரினாலும் தாடைக்கு அடிப்பக்கம்கூடக் கருத்துவிடும். வெயிலைத் தாங்கத் தோல் தானாக நிறத்தைக் கூட்டிக்கொள்கிறது, நிழலில் வைத்தால் குறைத்துக்கொள்கிறது. அது தோலின் வேலை. இதில் அழகும் இல்லை, அசிங்கமும் இல்லை. ஆனால் உப்பளத்துக்குப் போகும் நம் வீடுகளில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். பெண்ணுக்கு வரன் பேச்சு ஆரம்பித்ததும் அவளை வேலையிலிருந்து நிறுத்தி, சீசன் முழுக்க வீட்டுக்குள்ளேயே வைப்பார்கள். "எங்க பொண்ண நெழல்ல ஒக்கார வச்சிருக்கோம்" என்று தெருவில் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். தையிலிருந்து ஆடி வரை அவள் வாசல் தாண்டக்கூடாது, துணி காயப்போடக்கூட வெளியே வரக்கூடாது. அந்தக் கூலி இல்லாமல் வீடு அரைவயிறு சாப்பிடும். எதற்கு? மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்துவிட்டு, "மாநிறம்தான், பரவால்ல" என்று சொல்லிவிட்டுப் போவதற்கு.

சரி, கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் பெண் எங்கே போவாள்? அதே உப்பளத்துக்குத்தான். புருஷன் வீட்டுப் பக்கத்துப் பாத்திக்கு. அடுத்த சீசன் பாதி முடிவதற்குள் பழைய நிறம் வந்து முகத்தில் உட்கார்ந்துவிடும். உடனே மாப்பிள்ளை வீட்டில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள், மட்டமான துணியைத் தலையில் கட்டிவிட்டான் என்பது மாதிரி. தங்கள் வீட்டுப் பெண்ணையும் அப்படியே நிழலில் வைத்துத்தானே இன்னொரு வீட்டுக்குத் தள்ளிவிட்டார்கள், அது ஞாபகத்துக்கு வராது. மொத்த ஊரும் மொத்த ஊரையும் ஏமாற்றுகிறது, அதில் எரிந்துபோவது பெண்ணின் முகம் மட்டும். இதை ஒரு ஆளாவது நின்று யோசித்தானா என்று கேட்டால் கிடையாது. நானும் யோசிக்கவில்லை. கம்பெனி லேபில் உப்பைப் பரிசோதிப்பது என் வேலை. வெள்ளையாக இருந்தால்தான் நல்ல உப்பு என்று வியாபாரி கேட்பான். உப்பு வெள்ளையாக இருந்தால் மண் கலக்கவில்லை என்று அர்த்தம். தோல் வெள்ளையாக இருந்தால் ஒரு அர்த்தமும் இல்லை. இவ்வளவு சின்ன வித்தியாசம் படித்த எனக்கே உறைக்கவில்லை.

உன் அம்மா பிறந்த வீடு அனுமந்தைக் கடலோரத்தில். ஆண்கள் கடலுக்குப் போவார்கள், பெண்கள் சீசனில் உப்பளத்துக்கு வருவார்கள். 2004 தை மாதம் அவளை நிழலில் உட்கார வைத்தார்கள். பக்கத்தில் ஒரு டி.வி. அந்தப் பெட்டி அவளுக்கு என்ன காட்டியது தெரியுமா? விளம்பரத்தில் கருப்பாக இருந்தவளுக்கு வேலை கிடைக்காது, டியூப்பைப் பிதுக்கியதும் வேலையும் மாப்பிள்ளையும் ஒன்றாக வந்து நிற்பார்கள். படத்தில் ஹீரோ நம்மை மாதிரி கருப்பாக இருக்கலாம், விசில் அடிப்போம். ஹீரோயின் மட்டும் வடக்கேயிருந்து வர வேண்டும். அவளுக்குத் தமிழ் தெரியாது, அவளுக்காக இங்கே ஒருத்தி பேசுவாள். அந்தக் குரல்காரி அநேகமாக நம் நிறமாகத்தான் இருப்பாள். குரலை மட்டும் வெளியே விட்டுவிட்டு ஆளை ரூமுக்குள் பூட்டி வைக்கிறார்கள். கருப்பான பெண் ஒருத்தி படத்தில் வந்தால் அவளைப் பார்த்துக் காமெடியன் மயங்கி விழுவான். நாம் சிரிப்போம். உன் அம்மாவும் சிரித்திருப்பாள். சிரித்துவிட்டுப் போய்க் கண்ணாடியைப் பார்த்திருப்பாள்.

ஆவணியில் எங்களுக்குக் கல்யாணம். பெண் பார்த்து முடித்தது என் அக்கா, உனக்கு அத்தை. அடுத்த வீட்டில்தான் இருக்கிறாள். "பாத்தியாடா, எலுமிச்சம்பழம் மாதிரி புடிச்சிக் குடுத்தேன்" என்று மண்டபத்திலேயே சொன்னாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அப்புறம் மழை வந்தது, உப்பளம் மூடியிருந்தது, எலுமிச்சம்பழம் எலுமிச்சம்பழமாகவே இருந்தது.

டிசம்பரில் கடல் வந்தது. அதைப் பற்றி நீ பள்ளிக்கூடத்தில் படித்திருப்பாய், நான் விளக்கப் போவதில்லை. உன் அம்மாவைச் சின்ன வயதில் தோளில் தூக்கி வளர்த்த சித்தப்பா அனுமந்தைக் கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தார். அவரை மறுநாள்தான் எடுத்தார்கள். உன் அம்மா தலைவிரி கோலமாக ஓடி, அவர்மேல் விழுந்து அழுதாள். எங்கிருந்தோ வந்த ஒரு சேனல்காரன் அதைப் படம்பிடித்தான். அன்று சாயங்காலம் நியூஸில் அவள் வந்தாள். அக்கா வீட்டில் தெருவே கூடி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. நானும் அங்கேதான் இருந்தேன்.

"டேய், நம்ம அஞ்சலடா!" என்றாள் அக்கா. எல்லோரும் டி.வி.யை நெருங்கினார்கள். "அய்ய, இன்னாடா இவ டி.வி.ல இப்டிக் கருப்பாத் தெரியிறா? நேர்ல இவ்ளோ இல்லியே."

"லைட்டு போடாம எடுத்திருப்பான்க்கா" என்றான் ஒருவன்.

"சும்மா இருடா, லைட்டு போட்டா மட்டும் ரதி மாதிரி வந்துருவாளா?" என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி. இரண்டு பேர் சிரித்தார்கள். துக்கம் விசாரிக்க வந்தவர்கள்தான், பாப்பா. கெட்டவர்கள் இல்லை. அவர்களே காலையில் அழுதவர்கள்தான். நான் எழுந்து டி.வி.யை நிறுத்தினேன். "ஏன்டா நிறுத்துற, நம்ம ஊரு வருதுல்ல" என்றாள் அக்கா. திரும்பினால் உன் அம்மா வாசலில் நிற்கிறாள். அனுமந்தையிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தாள். காலில் சேறு காயவில்லை. எங்கள் வீட்டுக்குள் போய்ப் படுத்துக்கொண்டாள்.

அந்த வாரம் பூராவும் நம் முகங்கள்தான் டி.வி.யில். அதுவரைக்கும் நம் நிறத்தில் ஒரு பெண்ணை அந்தப் பெட்டியில் அவ்வளவு நேரம், அவ்வளவு கிட்டத்தில் யாரும் காட்டியதில்லை. அழுதால்தான் நமக்கு குளோசப். கேமராவோடு வந்த ஒருவன் உடைந்த படகுக்கு முன்னால் பிள்ளைகளை நிறுத்தினான். கொஞ்சம் சிவப்பாக இருந்த பிள்ளையைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, இருப்பதிலேயே கருத்த பிள்ளையை இழுத்து முன்னால் விட்டான். நான் பார்த்தேன். சந்தோஷத்துக்கு வெள்ளை, சோகத்துக்குக் கருப்பு. கலர் சார்ட் அவ்வளவு தெளிவாக வைத்திருக்கிறார்கள்.

பிறகு நிவாரண லாரிகள் வந்தன. கம்பளி ஸ்வெட்டர், கோட்டு, குதிகால் செருப்பு, எவரெவர் வீட்டிலோ வேண்டாம் என்று தள்ளியதெல்லாம் வந்தது. ஒரு அட்டைப் பெட்டியில் சோப்பு, சீப்போடு சிவப்பழகு கிரீம் பாக்கெட்டுகள் கட்டுக் கட்டாக இருந்தன. யார் அனுப்பினார்களோ, என்ன நினைத்து அனுப்பினார்களோ. வீடு போனவர்களுக்கு, ஆள் செத்தவர்களுக்கு, முகம் வெளுக்க மருந்து. உன் அம்மா அதில் ஒரு சரம் எடுத்து வந்தாள். அங்கேதான் ஆரம்பம்.

பாக்கெட்டால் ஒன்றும் ஆகவில்லை. அக்கா வேறொன்று வாங்கி வந்து கொடுத்தாள். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் ஒரு டியூப். மங்குக்கும் படைக்கும் டாக்டர் பார்த்து, கொஞ்ச நாளைக்கு மட்டும் எழுதிக் கொடுக்கும் களிம்பு. நம் தெருவில் அதற்குப் பெயர் 'கல்யாண டியூப்'. இரண்டே வாரத்தில் முகம் வெளுத்தது. பளபளவென்று ஆனது. தெருவே பாராட்டியது. அப்போது நீ அவள் வயிற்றில் இருந்தாய், அதனால் "பொம்பளப் புள்ளதான், அதான் மொகம் மின்னுது" என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். லேபில் ஒரு சிட்டிகை உப்பில் அயோடின் எவ்வளவு என்று சொல்லத் தெரிந்தவன், வீட்டில் கூடவே படுத்திருப்பவள் முகத்தில் என்ன ஏறுகிறது என்று கேட்கவில்லை.

கடல் கொண்டுவந்து கொட்டிய சேற்றை வாரிப் போட்டு, அந்த வருடம் உப்பளம் தாமதமாகத்தான் திறந்தது. உன் அம்மாவும் போனாள். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. ஒரு வாரத்தில் முகம் வெந்துபோனது மாதிரி ஆகிவிட்டது. மெலிந்துபோன தோலில் உப்பள வெயில் இரண்டு பக்கமும் அடித்தால் வேறென்ன ஆகும்? தண்ணீர் பட்டால் எரியும், வேர்வை பட்டால் எரியும், உப்புக் காற்று பட்டாலே எரியும். எரிச்சல் அடங்க அவள் என்ன செய்தாள் தெரியுமா? இன்னும் கொஞ்சம் டியூப் போட்டாள். போட்டதும் அடங்கியது. அதுதான் அந்த மருந்தின் தந்திரம். டி.வி.க்குப் பின்னால் அவள் ஒளித்து வைத்திருந்த டியூப் என் கையில் கிடைத்த அன்றைக்குத்தான் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தேன். ஸ்டீராய்டு. கூடவே நிறத்தை வெளுக்கும் இன்னொரு ரசாயனம்.

மெடிக்கல் ஷாப்காரனிடம் போய்ச் சண்டை போட்டேன். "சீட்டு இல்லாம இத எப்பிடிய்யா குடுக்கிற?" என்று கேட்டேன்.

"ஏம்பா கத்துற? பாதி ஊரு வாங்குது. ஒங்க அக்காகூட கணக்கு வச்சிருக்கு" என்றான். "கருப்பா இருக்கிறவங்க செவப்பாவணும்னு நெனைக்கிறது தப்பா? நீ இன்னா, ரொம்ப செவப்பா?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நியாயமாகப் பார்த்தால் எனக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும்.

பாண்டிச்சேரியில் தோல் டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனேன். அந்தம்மா உன் அம்மாவின் முகத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு அலுத்துப்போன குரலில் சொன்னார்: "நிறுத்தினா இதவிட மோசமாகும்மா. வீங்கும், கொப்புளம் வரும், பல மாசம் எரியும். தாங்கிக்கிட்டாத்தான் சரியாகும். தாங்காம திரும்பப் போட்டீங்கன்னா மறுபடி மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்." ஆறுவது என்றால் மெல்ல மெல்ல நல்லாவது என்று நினைத்திருந்தேன். இதில் ஆறுவதற்கு முதலில் அசிங்கமாக வேண்டும், அதுவும் எல்லோரும் பார்க்க. அசிங்கமாகிவிடுவோம் என்ற பயத்தில் டியூப்பை எடுத்தவளிடம் போய், அசிங்கமாக இரு, தாங்கு என்று சொன்னால்? நிறுத்தினாள். முகம் வீங்கியது. "எலுமிச்சம்பழம் பூசணியாய்டுச்சே" என்றாள் அக்கா. மறுபடி போட்டாள். இப்படி எத்தனை முறை என்று நான் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

நீ பிறந்தாய். துணியை விலக்கிப் பார்த்ததும் ஆஸ்பத்திரி ஆயம்மா சொன்ன முதல் வார்த்தை, "அப்பன் கலரு". அத்தை சொன்ன முதல் வார்த்தை, "பையனா இருந்தா பரவால்ல, பொட்டப் புள்ளயாப் போச்சே". குழந்தைக்குக் கை கால் சரியாக இருக்கிறதா என்று பார்த்தது நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். உன் முதல் பிறந்தநாளுக்கு ஸ்டுடியோவில் படம் எடுத்தோம். வாங்கப் போனால் பிரிண்ட்டில் ரோஸ் நிறத்தில் ஒரு குழந்தை இருக்கிறது. "இது யார் கொழந்தப்பா?" என்றேன். "உங்களுதுதான் சார், கம்ப்யூட்டர்ல கொஞ்சம் தூக்கி வுட்டிருக்கேன். ப்ரீ சார், எல்லாருக்கும் செய்றதுதான்" என்றான். இருக்கிற மாதிரியே திரும்பப் போடு என்றேன். நான் கழண்ட கேஸ் என்பது மாதிரி பார்த்தான். அவனே என் பாஸ்போர்ட் போட்டோவையும் தூக்கி விட்டிருந்தான், ஆள் மாறித் தெரிகிறது என்று ஏஜென்ட் திருப்பி அனுப்பிவிட்டான். இந்த நாட்டில் என் சொந்த நிறத்தைக் கேட்டு வாங்கியது அந்த ஒரு விண்ணப்பம்தான்.

இதையெல்லாம் பழைய கதை என்று எழுதவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை ஏஜென்ட்டைப் பார்த்துவிட்டு வீட்டுக்குள் நுழைகிறேன், நீ உன் அம்மா மடியில் இருக்கிறாய். உன் இடது கன்னத்தில் வெள்ளையாக ஒரு பொட்டு. அவள் விரல் நுனியிலும் அதே வெள்ளை. அந்த டியூப் பக்கத்தில் திறந்து கிடக்கிறது. உன்னைப் பிடுங்கிக்கொண்டு போய்க் குழாயடியில் வைத்துக் கழுவினேன். நீ வீறிட்டாய். நான் கத்தியதில் அடுத்த வீட்டில் டி.வி. சத்தத்தைக் குறைத்துவிட்டு ஒட்டுக் கேட்டார்கள்.

"உளுந்தளவுதாங்க வச்சேன்" என்றாள் உன் அம்மா. அழவில்லை.

"உம் மூஞ்சியப் பாத்தப்பறமுமா? உனக்கு அறிவில்ல?"

"நீங்க மட்டும் இன்னா? நெழல்ல ஒக்காந்தப்பறந்தான என்ன வந்து பாத்தீங்க? உப்பளத்துல நின்னுக்கினு இருந்தப்போ நீங்க தெனமும் அதே வழியா வேலைக்குப் போனீங்க. ஒரு நாளு திரும்பிப் பாத்தீங்களா?"

அவளே தொடர்ந்தாள்: "நீங்க பிளேன் ஏறிப் போயிடுவீங்க. இந்தத் தெருவுல இவள வச்சிக்கினு நிக்கப் போறது நானு. எங்க சித்தப்பா பொணத்து மேல உழுந்து அழுதேன், அப்பவும் என் கலரத்தான் பாத்தாங்க. நாளைக்கு இவ அழுதா இவ கண்ணீரயாவது பாக்கணும்ங்க. அதுக்குத்தான் வச்சேன்."

பாப்பா, அதற்கு நான் ஸ்டீராய்டைப் பற்றிப் பேசினேன். குழந்தைத் தோல் எவ்வளவு மெல்லிசு, ரத்தத்தில் எப்படிக் கலக்கும் என்று ஒரு லெக்சர். அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். எல்லாம் அவளுக்குத் தெரியும், என்னைவிட எரிந்து தெரிந்தவள். உன் தலையில் கை வைத்துச் சத்தியம் செய் என்றேன். "பொய்ச் சத்தியம் பண்ண மாட்டேன். முடிஞ்ச மட்டும் பாக்குறேன்" என்றாள். டியூப்பை நான் நசுக்கிக் குப்பையில் போட்டேன். வீரம்தான். கடையில் அது அடுக்கி வைத்திருக்கிறது, அக்காவுக்கு அங்கே கணக்கும் இருக்கிறது. அன்றிலிருந்து உன் அம்மாவும் தனக்குப் போடவில்லை. முகம் மறுபடி வீங்கிக் கிடக்கிறது. இப்போதுகூட ஈரத்துணியை முகத்தில் போட்டுக்கொண்டு உள்ளே படுத்திருக்கிறாள். டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இருந்துவிடலாமா என்று நேற்றெல்லாம் யோசித்தேன். பிறகு உப்பளத்துக் கூலியை யோசித்தேன், நீ வளர்ந்து அதே பாத்தியில் இறங்குவதை யோசித்தேன். போகிறேன். சரியா தப்பா தெரியவில்லை.

உனக்குப் புத்தி சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. உன்னை எவனாவது பார்க்க வந்தால் பகல் பன்னிரண்டு மணிக்கு, வெயிலில், நீ செய்கிற வேலையில் நீ நிற்கும்போது வந்து பார்க்கச் சொல். அந்த நேரத்தில் வர முடியாதவன் வேண்டாம். கருப்புதான் அழகு என்று மேடையில் பேசுகிறவனையும் நம்பாதே, அவன் பெண் எடுக்கும் இடத்தைப் பார். நீ அழகு என்று நானும் எழுத மாட்டேன். அழகாக இருந்தால்தான் மரியாதை என்ற பேச்சையே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். உன் தோலில் ஒரு குறையும் இல்லை. லேப்காரனாகச் சொல்கிறேன், அப்பாவாக இல்லை.

எனக்குத் தெரியாத ஒன்று, இதைப் படிக்கும் உனக்குத் தெரியும். நான் போன பிறகு அவளால் முடிந்ததா இல்லையா என்பது. எழுந்து போய்க் கண்ணாடியைப் பார். உன் கன்னம் கருப்பாக, எரிச்சல் இல்லாமல், வெறும் கன்னமாக இருந்தால், இத்தனை வருடம் இந்தத் தெருவோடும் தன்னோடும் தனியாக மல்லுக்கட்டிய ஒருத்தி அடுப்படியில் நிற்கிறாள் என்று அர்த்தம். நன்றி, கின்றி என்று எதுவும் சொல்லாதே, அவளுக்குப் பிடிக்காது. பக்கத்தில் போய் நில். சிவந்திருந்தால் அவளைத் திட்டாதே. எனக்குப் போன் பண்ணு. எந்த நாட்டில் இருந்தாலும் எடுப்பேன். திட்ட வேண்டிய ஆள் அன்றைக்கும் அந்தத் தெருவில் இருந்திருக்க மாட்டான், அதையும் சேர்த்துத் திட்டு.

அப்பா